தேர்தல் வந்தா துப்பாக்கி ஸ்டேஷனுக்கா? – ‘தோட்டத்துச் சொந்தங்க’ குரூப்

தனபால் மாமா, காலை 6:48
ஸ்டேஷன்ல இருந்து போனு. தேர்தல் அறிவிச்சாச்சாம், மூணு நாள்ல துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைக்கோணுமாம். எழுத்துல ஒண்ணும் வரல. கொண்டு போயிடறதா, நோட்டீஸ் வரட்டும்னு இருக்கறதா? செல்வா, நீ ஊர்க்காவல் படையில இருக்கறவன், சொல்லு.

செல்வராஜ், காலை 7:05
மாமா, போன்ல மறுத்துப் பேசாதீங்க. “நோட்டீஸ் நகல் குடுங்க, உடனே கொண்டாறேன்”னு மட்டும் சொல்லுங்க. போன் போட்ட ஸ்டேஷன் ரைட்டரச் சொல்லிக் குத்தமில்ல. எத்தன லைசென்ஸ், எத்தன ஒப்படைச்சாச்சுன்னு தினமும் மேல இருந்து கணக்குக் கேக்கறாங்க. கணக்கு நூத்துக்கு நூறு வந்தா வேலை முடிஞ்சுதுன்னு நெனப்பு.

கவிதா (வக்கீல்), காலை 7:11
சித்தப்பா, எல்லாரும் ஒப்படைக்கணும்னு தேர்தல் ஆணையமே சொல்லல. கலெக்டரும் எஸ்.பி.யும் இருக்கற ஸ்கிரீனிங் கமிட்டி ஒவ்வொரு லைசென்ஸா பாக்கணும். ஜாமீன்ல வெளிய இருக்கறவங்க, குற்றப் பின்னணி உள்ளவங்க, முன்னாடி கலவரத்துல சம்பந்தப்பட்டவங்க, இவங்கள முக்கியமாப் பாருன்னுதான் உத்தரவு. ஒட்டுமொத்தமா வாங்கி வைக்கக் கூடாதுன்னு 2024 மார்ச்ல அலகாபாத் ஹைகோர்ட் லக்னோ பெஞ்ச் சொல்லிருக்கு. நம்ம கலெக்டர அது நேரடியாக் கட்டுப்படுத்தாது, ஆனா மனுவுல காட்டலாம்.

மணி, காலை 7:20
எதுக்குங்க வம்பு? தேர்தல் நேரத்துல துப்பாக்கி வெளிய இல்லாம இருக்கறது நல்லதுதான? பூத்துல லத்தியோட நிக்கறது செல்வாண்ணனேதான்.

செல்வராஜ், காலை 7:34
மணி, கட்டுப்பாடே வேண்டாம்னு நான் சொல்லல. 21 வயசு ஆகணும், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று, வீட்ல பூட்டி வைக்கற இடம், எதுலயும் தளர்த்தக் கூடாது. 2019 திருத்தத்துல ஆளுக்கு 3 துப்பாக்கின்னு இருந்தத 2 ஆக்குனாங்க, அதும் சரி. கல்யாணம், திருவிழான்னு வானத்தப் பாத்து சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்குனா 2 வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. என்னயக் கேட்டா அது கம்மி.

ஆனா லைசென்ஸ் துப்பாக்கிக்கு நம்பர் இருக்கு, தேசியப் பதிவேட்டுல யு.ஐ.என்.னு தனி அடையாள எண் இருக்கு, சொந்தக்காரர் வீட்டு விலாசம் இருக்கு. சாக்குல சுத்தி வைக்கப்போர்ல சொருகி வெச்சிருக்கற நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு மண்ணும் இல்ல. பந்தோபஸ்துல நிக்கறவனுக்குப் பயம் அதுலதான். அதத் தேடறதுக்கு ஆளில்ல, லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குப் போன் போட ஆள் இருக்கு.

மணி, காலை 7:37
சரி, ஆனா லைசென்ஸ்காரன் கோவத்துல எடுக்க மாட்டான்னு யாரு உத்தரவாதம்?

செல்வராஜ், காலை 7:41
யாரும் தர முடியாது. அதுக்குத்தான் ஆளப் பாத்து முடிவெடுன்னு கமிட்டி வெச்சிருக்கு. அடிதடி கேஸ் உள்ளவன்கிட்ட இருந்து தேர்தலுக்கு மட்டும் எதுக்கு, ஆயுதச் சட்டம் 17வது பிரிவுல லைசென்ஸயே நிறுத்தி வைக்கலாம். அத யாரும் செய்யறதில்ல. அவனும் மாமாவும் ஒரே வரிசையில நிக்கோணும், முடிவு வந்ததும் ரெண்டு பேரும் திருப்பி வாங்கிக்கோணும். இது கண்டிப்பு இல்ல, சோம்பேறித்தனம்.

பிரபு (ரைஃபிள் கிளப்), காலை 7:52
எத்தன நாள்னும் பாருங்க. 2024ல நடத்தை விதி மார்ச் 16ல வந்துச்சு. நமக்கு ஓட்டு ஏப்ரல் 19, எண்ணுனது ஜூன் 4. முடிவு வந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் திருப்பித் தருவாங்க. நம்ம ஊர்ல ஓட்டுப் போட்டு முடிஞ்சும் ஒன்றரை மாசத்துக்கு மேல துப்பாக்கி ரூமுக்குள்ள. போட்டிக்குச் சுடறவங்களுக்கும் பேங்க் செக்யூரிட்டிக்கும் விலக்கு உண்டு, ஆனா கேட்டு எழுதிக் குடுத்தாத்தான். கிளப் கடிதம், மெம்பர் கார்டு நகல், போட்டி அட்டவணை மூணும் வெச்சுக் குடுக்கணும்.

தனபால் மாமா, காலை 8:03
நான் போட்டிக்கா போறேன். டி.பி.பி.எல். 12 போர், ரெட்டைக்குழல் தோட்டாத் துப்பாக்கி, தோட்டத்துக்கு வெச்சிருக்கறது. ஒப்படைக்கறதுன்னே வெச்சுக்க, எப்புடி ஒப்படைக்கோணும்? அங்க சும்மா போட்டு வெச்சாத் துரு ஏறிப்போகுமல்லோ?

செல்வராஜ், காலை 8:19
ஏறும். ஸ்டேஷன் ரூம்ல காத்து வராது, ஈரம் உண்டு. வீட்லயே இதச் செஞ்சிருங்க.
லீவர அழுத்தி மடிச்சு ரெண்டு அறையும் காலியான்னு பாருங்க. வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுக் குழல்ல இந்தப்பக்கம் இருந்து அந்தப்பக்கம் பாருங்க. விரல உட்டும் தடவிப் பாருங்க.
கோல்ல துணி சுத்தி ரெண்டு குழலயும் துடைச்சு எடுங்க, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். அப்புறம் புதுத் துணியில துப்பாக்கி எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு, அவ்வளவுதான். வழிய வழிய ஊத்துனா எண்ணெய் கீழ இறங்கி கட்டைய ஊற வெச்சிரும். தேங்காண்ணெய் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாள்ல பிசினாட்டம் புடிச்சிக்கும்.
தோல் உறையில போட்டுக் குடுக்காதீங்க, தோல் ஈரத்த இழுத்து வெச்சுக்கும். சாக்குலயும் சுத்தாதீங்க. பருத்தித் துணி போதும்.
கொண்டு போறப்ப துப்பாக்கி மூடின உறையில, தோட்டா தனியா, ஒரிஜினல் லைசென்ஸ் சட்டப்பையில. வழியில டீக்கடையில நிறுத்தக் கூடாது. உறையில்லாம தோள்ல மாட்டிட்டுப் போனா லைசென்ஸ் நிபந்தனைய மீறுனதாயிரும், 30வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் தண்டனை.

கவிதா (வக்கீல்), காலை 8:26
ரசீதுதான் ரொம்ப முக்கியம். கம்பெனி பேர், போர், குழல்ல அடிச்சிருக்கற நம்பர், தோட்டா எண்ணிக்கை, தேதி, சீல், கையெழுத்து. “ஒரு துப்பாக்கி பெறப்பட்டது”ன்னு மொட்டையா எழுதுனா வாங்காதீங்க. நம்பர்ல ஒரு எழுத்து மாறுனாலும் திருப்பி வாங்கறப்ப அது வேற துப்பாக்கி. முன்னாடியே நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்துக்குங்க.
இன்னொண்ணு, லைசென்ஸ் எப்ப முடியுதுன்னு பாருங்க. இப்ப 5 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்குன்னு தேதி நின்னுக்காது. ரெண்டு மாசம் முன்னாடியே மனு போட்டு, ரசீது நகலையும் சேத்து வெச்சிருங்க.

பிரபு (ரைஃபிள் கிளப்), காலை 8:31
ஸ்டேஷனுக்கு பதிலா லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரிகிட்டயும் ஒப்படைக்கலாம். வாடகை உண்டு, ஆனா எண்ணெய் போட்டு ரேக்குல நிக்க வெப்பாங்க. ரசீது நகல ஸ்டேஷன்ல குடுத்து ஒப்புதல் வாங்கிருங்க.

சரோஜா அத்தை, காலை 9:02
ஏனுங் செல்வா, லைசென்ஸ்காரரு தவறிப்போயிட்டா அந்த வீட்ல இருக்கற துப்பாக்கி என்னாகும்? அட்டத்துல கெடக்கற பழைய மருந்துத் துப்பாக்கிதான், வேல செய்யாதுன்னு எல்லாரும் உட்டுட்டாங்க.

செல்வராஜ், காலை 9:15
அத்த, முதல்ல யாரும் அதத் தொடக்கூடாது. குழந்தைகள அந்தப் பக்கமே உடாதீங்க.
நீங்க சொல்ற மருந்துத் துப்பாக்கி, அதாவது எஸ்.பி.எம்.எல்.ங்கறது, குழல் வாய்வழியா மருந்து கெட்டிக்கற ஒத்தைக்குழல் துப்பாக்கி. தோட்டாத் துப்பாக்கியாட்டம் மடிச்சுப் பாத்துக் காலியாக்க முடியாது. மருந்து, பஞ்சு, ரவைன்னு உள்ள இடிச்சு வெச்சது அப்படியே கெடக்கும். கேப்ப (தட்டுனா பொறி வர்றது) மட்டும் கழட்டிட்டு காலின்னு நெனச்சுக்குவாங்க. அது காலி இல்ல. பழைய மருந்தும் காஞ்சிருந்தா வெடிக்கும்.
வெளியில இருந்து கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. மருந்து இடிக்கற கெஜக்கோல குழலுக்குள்ள உட்டு, வாய்கிட்ட அடையாளம் வெச்சு, வெளிய எடுத்து குழல் மேலயே வெச்சுப் பாக்கறது. கோல் முனை கேப்பு வெக்கற இடத்துக்கு நாலு விரக்கடை முன்னாடியே நின்னுருச்சுன்னா உள்ள மருந்து இருக்குன்னு அர்த்தம். இதயும் தெரிஞ்சவங்கதான் செய்யோணும். ஆயுதப்படை ஆர்மரரோ லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கோ வந்து எடுக்கட்டும். ஸ்டேஷன்ல சொல்றப்பவே “மருந்து கெட்டிச்சிருக்கலாம்”னு சொல்லிருங்க. அதச் சொல்லாம கொண்டுபோயிக் குடுத்து, அங்க யாராவது தட்டிப் பாத்தா வம்பு.

கவிதா (வக்கீல்), காலை 9:24
அத்தை, லைசென்ஸ் ஆளோட போயிரும், துப்பாக்கியோட வராது. தவறுன உடனே ஸ்டேஷன்லயோ வியாபாரிகிட்டயோ ஒப்படைக்கணும். அப்புறம் வாரிசுல ஒருத்தர் தன் பேருக்கு லைசென்ஸ் கேக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுங்களோட சம்மதக் கடிதம் தயாரா வைங்க. உயிரோட இருக்கறப்பவே மாத்தணும்னா லைசென்ஸ்காரருக்கு 70 வயசு ஆகிருக்கணும், இல்ல 25 வருசமா வெச்சிருக்கணும். தனபால் சித்தப்பா, இது உங்களுக்கும்தான்.

மணி, காலை 9:31
லைசென்ஸே எப்பவும் இல்லாத நாட்டுத் துப்பாக்கின்னா?

செல்வராஜ், காலை 9:36
புடிச்சா குறைஞ்சது 2 வருசம், 5 வருசம் வரைக்கும் போகும். ஆனா மலையோர மாவட்டங்கள்ல போலீஸே அப்பப்ப, தானா வந்து குடுத்தா கேஸ் இல்லன்னு அறிவிப்பாங்க. ஊர்ப் பெரியவங்க மூலமா பொது இடத்துல வெச்சிட்டுப் போனாலும் எடுத்துக்குவாங்க. என்னயக் கேட்டா தேர்தல் சமயத்துல செய்ய வேண்டிய வேல அதுதான். லைசென்ஸ்காரங்களுக்குப் போன் போடற நேரத்துல மலையடிவாரத்துல நாலு ஊர்க்கூட்டம் போட்டுறலாம்.

தனபால் மாமா, காலை 9:44
எனக்கு இன்னொரு சந்தேகம். பயிர்ப் பாதுகாப்புன்னு லைசென்ஸ் குடுக்கறாங்க, பன்னியச் சுடக் கூடாதுங்கறாங்க. அப்ப எதுக்குத்தான் குடுக்கறாங்க?

கவிதா (வக்கீல்), காலை 9:52
லைசென்ஸ் ஆயுதச் சட்டம், பன்னி வனவிலங்குச் சட்டம். ஒண்ணு இன்னொண்ணுக்கு அனுமதி ஆகாது. சத்தம் போட்டு வெரட்டலாம், மேல சுட்டா கேஸ். தமிழ்நாட்டுல 2025ல வந்த ஏற்பாட்டுப்படி, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னிய வனத்துறைதான் சுடலாம். 1ல இருந்து 3 வரைக்கும் புடிச்சுக் காட்டுல உடணும், 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. சரணாலயத்துல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருந்தா துப்பாக்கிய வனத்துறைகிட்டயும் தனியாப் பதியணும். சத்தியமங்கலம் பக்கம் நிறையப் பேருக்கு இது தெரியாது.

செல்வராஜ், காலை 9:58
இதுக்குத்தான் பன்னி கடிச்சா வெடிக்கற மாதிரி தீனிக்குள்ள மருந்து வெச்சு அவுட்டுக்காய் வைக்கறானுக. லைசென்ஸ்காரர் கைய கட்டிப் போட்டா பன்னி நிக்காது, களவாண்டுதான் ஆள் வருவான். மாடு கடிச்சு வாய் கிழிஞ்சு சாகுது.

மணி, காலை 10:04
ஏர்கன்னுக்கும் ஒப்படைக்கோணுமா?

பிரபு (ரைஃபிள் கிளப்), காலை 10:06
4.5 மி.மீ., 20 ஜூலுக்கு மேல போகாததுன்னா லைசென்ஸே வேண்டாம். 5.5 மி.மீ.ன்னா லைசென்ஸ் வேணும், வாங்கிட்டு சும்மா இருக்காத.

கவிதா (வக்கீல்), காலை 10:20
சித்தப்பா, மனு இப்படி எழுதுங்க:
“ஐயா, எனது உரிம எண், யு.ஐ.என். கீழே. என் மீது வழக்கு எதுவும் இல்லை. தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்குமாறு தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. ஸ்கிரீனிங் கமிட்டி எனது உரிமத்தைத் தனியாகப் பரிசீலித்து விலக்கு அளிக்கவும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும் வேண்டுகிறேன்.”
கலெக்டருக்கு ஒண்ணு, எஸ்.பி.க்கு ஒண்ணு, ஸ்டேஷனுக்கு நகல். ஸ்பீடு போஸ்ட்ல, போய்ச் சேந்ததுக்குச் சான்றோட. பதில் வர்றதுக்குள்ள நோட்டீஸ் வந்துருச்சுன்னா ஒப்படைச்சிருங்க, கெடு தாண்ட வேண்டாம். ரசீதுல “ஆட்சேபனையுடன்”னு ஒரு வார்த்த எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

தனபால் மாமா, காலை 10:33
சரி சாமி. பிரபு, அந்தத் துப்பாக்கி எண்ணெய் ஒரு டப்பா இருந்தா குடுத்துவிடு. செல்வா, சாயந்தரம் வந்து நம்பரப் படிச்சுச் சொல்லு, என் கண்ணுக்கு ஆறா எட்டான்னு தெரியல.