கடிநாயைக் கொல்ல ஆணையர் உத்தரவு போதுமா?

தகடூரான்:
கடிநாயைக் கருணைக்கொலை செய்ய நகராட்சி ஆணையர் உத்தரவிட்டாலே போதும், எந்த நீதிமன்றமும் தடுக்காது என்று ஆட்டுப்பட்டி நேற்று எழுதியிருப்பது எரிச்சலூட்டுகிறது. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தீராத நோயுற்ற அல்லது பிழைக்க வழியின்றிக் காயம்பட்ட நாய்களுக்கே அதை அனுமதிக்கின்றன. வெறிநோய் என்று ஐயப்படும் நாயைக்கூடத் தானாகச் சாகும்வரை தனிமைப்படுத்தவே சொல்கின்றன.

ஆட்டுப்பட்டி:
அரூரில் எங்கள் பட்டிக்குள் புகுந்து, சினையாட்டின் குரல்வளையைக் கிழித்துப்போட்ட நாய்க்கு எந்த நோய் என்று ஐயா சொல்வாரா? மூர்க்கமான நாய்களைத் தெருவில் திரும்ப விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தகடூரான்:
தனிக் காப்பகத்தில் அடைக்கத்தான் அந்த உத்தரவு சொல்கிறது, கொல்லச் சொல்லவில்லை. பாதியை மட்டும் படிப்பது தங்களுக்குப் பழக்கம்தானே, மாம்பழக்கூழ் விலை விவாதத்திலும் அதைப் பார்த்தோம்.

ஆட்டுப்பட்டி:
மாம்பழக்கூழ் இருக்கட்டும். அந்தக் காப்பகத்தின் முகவரியைக் கொடுங்கள்.

ஓசூர்வாசி:
தெருநாயை மட்டும் பேசுகிறீர்களே, பெங்களூரில் ராட்வைலர் இன நாய் வாங்கிவந்து சங்கிலியின்றி நடத்திச் செல்பவர்களை யார் கேட்பது? ராட்வைலர் உட்பட 23 நாயினங்களைத் தடைசெய்யச் சொன்ன மத்திய அரசின் சுற்றறிக்கையை 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்ததிலிருந்து அவர்களுக்குத் துணிச்சல் கூடிவிட்டது.

தகடூரான்:
சம்பந்தப்பட்டவர்களைக் கலந்துபேசாமல் பிறப்பித்தார்கள், அதனால் விழுந்தது. கேரளத்தைப் பாருங்கள்: நோயுற்ற தெருநாய்களைக் கருணைக்கொலை செய்ய 2025 ஜூலையில் அந்த அரசு எடுத்த முடிவையே உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மாநில அரசின் முடிவுக்கே அந்தக் கதி என்றால், கடித்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆணையர் போடும் உத்தரவு, அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடப்படும் ஒரு ரிட் மனுவைத் தாங்குமா?

ஆட்டுப்பட்டி:
முகவரி?

தகடூரான்:
காப்பகம் கட்டுவது உள்ளாட்சியின் கடமை, என் வேலையன்று. சட்டம் எனக்குத் தெரியும். தங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஓசூர்வாசி:
தருமபுரிக்காரர்கள் இருவரும் என் ராட்வைலர் கேள்வியை வசதியாகத் தாண்டிவிட்டீர்கள்.

ஆட்டுப்பட்டி:
சட்டம் தெரிந்தவரே, அந்த நாய் இன்றும் எங்கள் வேலியோரம்தான் படுத்திருக்கிறது. முகவரி கொடுத்தால் வண்டி வாடகை நான் தருகிறேன்.

தகடூரான்:
முதலில் விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்.