சன்னிதியில் துப்பாக்கி: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

டல்லாஸ்வாசி:
இங்கே டெக்சாஸில், ஒயிட் செட்டில்மென்ட் ஊர் சர்ச்சில் நடந்த துப்பாக்கிச் சூடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2019 டிசம்பர் 29. ஆறே விநாடியில் அங்கிருந்த காவல் தொண்டர் சுட்டவனை வீழ்த்திவிட்டார், அதற்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

அதற்கடுத்த பிரதோஷம். எங்கள் கோயிலில் அபிஷேகம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சாம்பார் சாதம் பரிமாறிய அண்ணா குனிந்தபோது ஜிப்பா மேலேறியது. வேட்டி பெல்ட்டில் உறையோடு கைத்துப்பாக்கி. என் ஐந்து வயது மகள், "அப்பா, சாமிகிட்டகூட அதை வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள். அவர் காதில் விழுந்துவிட்டது. "உனக்காகத்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். முகம் சுருங்கியிருந்தது.

டெக்சாஸில் 2019 செப்டம்பரிலேயே சட்டம் தெளிவாகிவிட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லாத வழிபாட்டுத் தலத்துக்குள் உரிமம் உள்ளவர் துப்பாக்கி கொண்டுவரலாம் என்று அப்போது இருந்தது. வேண்டாமென்றால், மறைத்துக்கூடத் துப்பாக்கி கொண்டுவராதீர்கள் என்று சொல்லும் '30.06' அறிவிப்புப் பலகை வைக்கலாம் என்றிருந்தது. பலகை வைக்கலாமா என்று கமிட்டியில் கை தூக்கச் சொன்னார்கள். நான் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. இன்றுவரை அதுதான் உறுத்துகிறது.

கிறைஸ்ட்சர்ச் அக்கா:
தம்பி, கை தூக்காததற்கு வருந்தாதீர்கள். எனக்கும் ஒன்று இருக்கிறது.

2019 மார்ச் 15 அன்று இங்கே நியூசிலாந்தில், எங்கள் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் ஒருவன் புகுந்து சுட்டான். இறந்த 51 பேருக்காக ஊரே அழுதது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் (விசையை அழுத்த அழுத்தச் சுடும்) துப்பாக்கிகளுக்குத் தடை, நாடாளுமன்றத்தில் ஆதரவு 119, எதிர்ப்பு 1. பக்கத்து வீட்டுப் பெரியவர் விவசாயி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஜூலையில் ரிக்கார்ட்டன் குதிரைப் பந்தய மைதானத்தில் அரசு துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கத் தொடங்கியபோது, துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார்.

அவர் கொடுக்கவிருந்த துப்பாக்கி அவர் அப்பா விட்டுப்போனது. இயந்திரத்தில் வைத்து அதன் குழலை நசுக்கினார்கள். அந்தச் சத்தம் வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார், சாவு வீட்டில் நிற்பதுபோல. "பள்ளிவாசல் வாசலில் நின்ற மனுஷன், சுட வந்தவனையும் 'ஹலோ பிரதர்' என்றுதானே கூப்பிட்டார்" என்றார். வீடு வரைக்கும் வேறு பேச்சே இல்லை. வலித்ததா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மில்வாக்கி மணி:
அக்கா, நியூசிலாந்துக் கதையை இங்கே பொருத்த முடியாது. இங்கே அமெரிக்காவில், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் இருக்கிறது. அது தனிமனித உரிமை என்று 2008இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாங்கி நசுக்கு என்றால் யார் கேட்பார்கள்?

ஓக் க்ரீக் குருத்வாராவுக்கு நான் போயிருக்கிறேன். 2012 ஆகஸ்டில் ஒருவன் புகுந்து சுட்ட இடம். ஒரு குண்டு துளைத்த ஓட்டையை வாசல் சட்டத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். அப்புறம் லங்கரில், அதாவது அங்கே எல்லாருக்கும் போடும் இலவசப் பந்தியில், சப்பாத்தி இறங்கவில்லை. அவ்வளவுதான்.

டல்லாஸ் தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. கோயிலில் பார்த்ததை விடுங்கள், வீட்டைப் பாருங்கள். துப்பாக்கி வாங்கினால் பூட்டுப் பெட்டியில் வையுங்கள், தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள், சாவி இருக்குமிடம் குழந்தைக்குத் தெரியவே கூடாது. மகள் விளையாடப் போகிற வீட்டில், "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வேர்க்கடலை ஒத்துக்காது என்று சொல்கிறோம் இல்லையா, அதுபோல. வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் அந்த நாட்களில் அதை வெளியே கொடுத்து வையுங்கள். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. கோயில் வாசலில் வருகிறவனைவிட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். கமிட்டியில் அடுத்த முறை கை தூக்குங்கள், எந்தப் பக்கமானாலும் சரி.

டல்லாஸ்வாசி:
மணி அண்ணா, நான் வாங்குவதாகச் சொல்லவில்லை. ஆனால் விளையாடப் போகிற வீட்டில் கேட்கச் சொன்னீர்களே, அதை இனி கேட்பேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த அண்ணா முன்பெல்லாம் கொடிமரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுவார். இப்போது நின்றபடியே கை கூப்புகிறார். ஏன் என்று கேட்டேன். "விழுந்தா வெளிய தெரியும்பா, குழந்தைங்க பயப்படும்" என்றார்.