மழைக்காலத்தில் குதிரைகளைக் கூட்டமாக மேய விடுவதில் சிக்கல்: வழி சொல்லுங்கள்

கேள்வி (லாயப் பொறுப்பாளர், நுவரெலியா)

அனைவருக்கும் வணக்கம். பிறருடைய குதிரைகளை மாதக் கட்டணத்துக்குப் பராமரிக்கும் லாயம் ஒன்றின் பொறுப்பில் இருக்கிறேன். ஆறு குதிரைகள் சரிவான புல்வெளியொன்றில் காலைதோறும் ஒன்றாக மேய்ந்து வந்தன. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற, காயடிக்கப்பட்ட குதிரையொன்று அண்மையில் ஏழாவதாகச் சேர்ந்தது. அன்றுமுதல் கூட்டத்தில் மூத்த பெண் குதிரை அதனை விடாமல் துரத்துகிறது. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிய பின்னர் நிலைமை மோசமாகிவிட்டது. சரிவின் அடியிலுள்ள ஒரே வாயிலில் சேறு நிறைந்திருக்க, திரும்பும் நேரத்தில் ஏழும் அங்கே முண்டியடித்து நிற்கையில், புதிய குதிரை தொடையில் உதை வாங்கியது. அதனை இனி வெளியே விடவே வேண்டாம் என்கிறார் உரிமையாளர். ஆனால், பகல் முழுவதும் அடைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (கந்தப்பளை)

பெண் குதிரையின் குணத்தைவிட அந்த வாயிலே எனக்குக் கவலையளிக்கிறது. திறந்த வெளியில் துரத்தப்படும் குதிரை விலகி ஓடித் தப்பிவிடும்; மூலையில் அகப்பட்டால்தான் உதை விழுகிறது. ஆகவே வாயிலின் முன்னே சரளைக்கல் பரப்பி நிலத்தை உயர்த்துங்கள். முடியுமானால் மூலையிலிருந்து விலகிய இடத்தில் இன்னொரு வாயில் வையுங்கள். காய்ந்த புல்லை மேட்டு நிலத்தில், குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலான குவியல்களாக, ஒன்றுக்கொன்று உதை எட்டாத தூரத்தில் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியும் மூலையில் இருக்கக்கூடாது. திரும்பும்போது மூத்த பெண் குதிரையை முதலில் அழைத்துச் சென்றால், மற்றவை வாயிலை நெருங்கத் தயங்க வேண்டியிராது. கடைசியாக ஒன்றைத் தனியே விட்டுவிடாமல், இரண்டை ஒன்றாகக் கொண்டுவாருங்கள்.

பதில் (மிருக வைத்தியர், பண்டாரவளை)

மேலே கூறப்பட்டது சரியே. அத்துடன், புதிதாக வரும் எந்தக் குதிரையையும் குறைந்தது இரண்டு மூன்று வாரங்கள் தனியே வைத்து, நாள்தோறும் உடல் வெப்பநிலையைப் பாருங்கள். வழமையான அளவு ஏறக்குறைய 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை. காய்ச்சலும் மூக்கொழுக்கும் தாடையடி வீக்கமும் தோன்றினால் அது தொற்றுநோயாக இருக்கலாம், உடனே மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். பின்னர் வேலிக்கு அப்பாலும் இப்பாலும் சில நாட்கள் நிறுத்தி, கூட்டத்திலேயே மிகச் சாந்தமான ஒரு குதிரையுடன் முதலில் பழக்கி, அவ்விரண்டையும் சேர்த்தே கூட்டத்துக்குள் விடுங்கள். தனியே நுழையும் குதிரைக்கு நட்பு இல்லை என்பதுதான் பெரும் குறை. கூட்டத்தில் சேர்க்கும் நாட்களில் பின்கால் லாடங்களைக் கழற்றிவிட்டால் காயத்தின் கடுமை குறையும்.

தவிட்டையும் கொள்ளையும் புல்வெளியில் வைக்காதீர்கள். சண்டைக்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் லாயத்துள் தனித்தனியே கொடுங்கள். உங்கள் புல்வெளியில் கிகூயு புல் மிகுந்திருந்தால் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: அதிலுள்ள ஒட்சலேட்டு என்னும் இரசாயனப் பொருள் கல்சியத்தை உடல் உறிஞ்ச விடாமல் தடுப்பதாலும், தவிட்டில் பொசுபரசு மிகுதியாக இருப்பதாலும், தீனியுடன் கலந்து கொடுக்கும் கல்சியம் எந்தக் குதிரைக்கு எவ்வளவு போகிறதென்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பிரித்து வைப்பதற்கு முள்வேலி போடலாமா? பனிமூட்டம் இங்கு அடிக்கடி இறங்குகிறது.

பதில் (கந்தப்பளை)

முள்வேலி வேண்டவே வேண்டாம். துரத்தப்பட்டு ஓடும் குதிரை மூட்டத்தில் அதைக் காணாமல் பாய்ந்தால் தசை கிழிந்துவிடும். தடித்த வெள்ளை நாடா கட்டிய மின்வேலி தூரத்திலேயே தெரியும். முதன்முதலாகச் சேர்க்கும் காலைவேளை மூட்டமற்றதாக இருக்கட்டும். வாயிலுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு குதிரையின் முகத்தையும் வாயிலின் பக்கம் திருப்பி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்த்து விடுங்கள், அப்போது துள்ளும் பின்கால்கள் ஆட்களுக்கு எட்டாது. உரிமையாளரிடம், முதலில் அந்தச் சாந்தமான துணையுடன் மட்டும் விடுவதாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் அருகருகே மேய்வதை அவரே பார்த்தால் சம்மதிக்கக்கூடும்.