தலைவலி கொடுத்த கண்ணாடி: புதுப்பிப்பு

ஆன்லைனில் வாங்கிய கண்ணாடியைப் போட்டால் அரை மணியில் தலைவலி, பவர் சீட்டில் உள்ளதுதான் (மைனஸ் 5.5), என்ன கோளாறு என்று கேட்டிருந்தேன். பவரில் ஒன்றுமில்லை. கோளாறு பி.டி.யில், அதாவது இரண்டு கருமணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தில்.

தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸ்மீட்டரில் (லென்ஸின் பவரையும் மையத்தையும் காட்டும் கருவி) வைத்து ஒவ்வொரு லென்ஸிலும் மையால் மூன்று புள்ளி குத்தினார். நடுப்புள்ளிதான் லென்ஸின் மையம். ஸ்கேல் வைத்தால் இரண்டு மையங்களுக்கும் இடையே 63 மி.மீ. என் கண்ணோ 58: மூக்கின் நடுவிலிருந்து வலது 28.5, இடது 29.5. ஆன்லைன் ஆர்டரில் பி.டி. கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். விற்றவர்களே சராசரியைப் போட்டுவிட்டார்கள். 5 மி.மீ. விலகல், என் பவருக்கு 2.75 பிரிசம் (மையம் விலகியதால் ஒளி பக்கவாட்டில் வளையும் அளவு)! "அரை, முக்கால் பவர்னா தெரிஞ்சே இருக்காது தம்பி" என்றார் கடைக்காரர்.

பி.டி.யை நாமே அளக்கச் சிலர் சொன்ன முகம் பார்க்கும் கண்ணாடி முறையையும் செய்து பார்த்தேன். வலக்கண்ணை மூடி, இடது கருமணியில் ஸ்கேலின் சைபரை வைத்து, அப்புறம் கண்ணை மாற்றி மூடுவதற்குள் தலை அசைந்துவிடுகிறது. மூன்று தடவையில் 61, 57, 59.

சரி, லென்ஸை மாற்றித் தருகிறார்களாம், அனுப்பிவிட்டேன். அதுவரை கால் உடைந்த பழைய கண்ணாடிதான், செல்லோ டேப் ஒட்டி.