தடுப்பு மருந்து குடுத்தும் கோழி சாகுது, எங்க பிழை?

தலவாக்கலை_லயம்:
தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசைக்குப் பின்னால 60 முட்டைக்கோழி வச்சிருக்கேன். ஒரு கிழமையில 11 செத்துப் போச்சு. பச்சையா கழியுது, வாயைத் திறந்து மூச்சு வாங்குது, ரெண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கிச்சு. முட்டை ஓடும் தோல் மாதிரி வருது. ரானிக்கெட்ங்கிற கோழி நோய்க்குத் தடுப்பு மருந்து தண்ணியில கலந்து குடுத்தேன். வாசல்ல கால் நனைக்கிற மருந்துத் தண்ணியும் இருக்கு. புதுக்கோழி ஒண்ணும் வாங்கல. எந்த அன்டிபயோட்டிக் குடுக்கலாம்?

பண்டாரவளை_பண்ணை:
ரானிக்கெட் மாதிரித்தான் தெரியுது. ஆனா பறவைக் காய்ச்சலையும் கண்ணால பார்த்துப் பிரிக்க முடியாது. ரெண்டும் வைரஸ், அன்டிபயோட்டிக் ஒண்ணும் செய்யாது. கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இன்னைக்கே சொல்லுங்க. செத்ததை ஓடையிலயோ தேயிலைக்குள்ளயோ எறியாதீங்க, நாய் அடுத்த லயத்துக்கு இழுத்துட்டுப் போயிடும். மருந்து எந்தத் தண்ணியில கலந்தீங்க?

தலவாக்கலை_லயம்:
பைப் தண்ணி. குளோரின் வாசம் அடிக்கும்.

பண்டாரவளை_பண்ணை:
அதுவே போதும் மருந்து கெட. உயிருள்ள வைரஸை வச்சுச் செய்றது, குளோரின் கொன்னுடும். அடுத்த முறை ஊத்துத் தண்ணி எடுங்க. லீட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கின பால்மா போட்டு, 2 மணித்தியாலத்துக்குள்ள குடிச்சு முடிக்க வைங்க. கால் நனைக்கிற தண்ணியும் சேறு விழுந்தா வேலை செய்யாது. சப்பாத்தை முதல்ல தேய்ச்சுக் கழுவணும்.

லீக்ஸ்காரன்:
தம்பி, மரக்கறித் தோட்டம் இருக்கா?

தலவாக்கலை_லயம்:
இருக்கு அண்ணே. போன கிழமைக்கு முந்தின கிழமை 12 மூட்டை கோழி எரு எறக்கினேன். மழையில நனையாம கோழிக்கூட்டுத் தாவாரத்துல அடுக்கியிருக்கு.

லீக்ஸ்காரன்:
அப்ப புதுக்கோழி வாங்கலன்னு சொல்லாதீங்க! லொறியில வர்ற எரு எத்தனை பண்ணைக் கழிவுன்னு விக்கிறவனுக்கே தெரியாது. அந்த எச்சத்துல வைரஸ் வாரக்கணக்குல கிடக்கும், நம்ம குளிருக்கு இன்னும் கூட. தொத்தி 2 முதல் 15 நாள்ல நோய் காட்டும். நாளை எண்ணிப் பாருங்க. அதுதான் காரணம்னு சத்தியம் பண்ணமாட்டேன், ஆனா என் சந்தேகம் அங்கதான். தோட்டத்துக்கும் கூட்டுக்கும் ஒரே பூட்ஸா?

தலவாக்கலை_லயம்:
ஒரே பூட்ஸ்தான். மம்பட்டியும்.

லீக்ஸ்காரன்:
கூட்டுக்குன்னு தனிச் செருப்பு வைங்க, அது வெளியே வரவே கூடாது. மூட்டையை இப்ப நகர்த்தாம சீட் போட்டு மூடுங்க. மிச்சக் கோழியை அவசரத்துல வித்துடாதீங்க.

தலவாக்கலை_லயம்:
செத்த ஒண்ணை பஸ்ல அலுவலகத்துக்குக் கொண்டு போகவா?

பண்டாரவளை_பண்ணை:
ஐயோ வேணாம். போன் பண்ணுங்க, எப்படிச் செய்யணும்னு அவங்களே சொல்லுவாங்க. அதுவரைக்கும் வெறுங்கையால தொடாதீங்க.