ஜிங்க் பெஸ்ட்: ‘துத்தநாக உளுப்பு’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய வார்ப்புப் பொம்மைக் கார்களைச் சீரமைப்பது பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் பெரும்பாலான சொற்கள் தயக்கமில்லாமல் வந்துவிடுகின்றன. டைகாஸ்ட் என்பதற்கு அச்சுவார்ப்பு, ரிவெட்டுக்குத் தறையாணி, பேஸ்பிளேட்டுக்கு அடித்தகடு. இவற்றில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. பழைய துத்தநாக வார்ப்புகள் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும் கேட்டுக்கு ஆங்கிலத்தில் ஜிங்க் பெஸ்ட் என்று பெயர். அந்த இடம் வரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதுவரை நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: துத்தநாகப் பூச்சி, துத்தநாக நோய், துத்தநாக அரிமானம், துத்தநாகச் சிதைவு. ஐந்தாவதாக ஒன்றை நான் வைக்கிறேன்: துத்தநாக உளுப்பு.

இந்தச் சொல் அகராதியைப் புரட்டி வந்ததல்ல. 1930களில் செய்யப்பட்ட 1:43 அளவுக் கார் ஒன்றைப் பிரிக்க முயன்றேன். கூரையில் தலைமுடி அளவில் இரண்டு கீறல்கள் இருந்தன. யாரோ ஒரு பையன் கீழே போட்டிருப்பான் என்று நினைத்து, தறையாணியின் தலையை வழக்கம்போலத் துளைத்தேன். துளைப்பான் தொட்ட அதிர்விலேயே காரின் பின்பக்கம் கையோடு வந்துவிட்டது. உடைந்த முகத்தில் உலோகப் பளபளப்பே இல்லை. சாம்பல் நிறத்தில், நறநறவென்று, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. அப்போது வாயில் வந்த வார்த்தை, “அடடா, உளுத்துப்போச்சே” என்பதுதான். வெளியே வர்ணம் நன்றாக இருக்க, உள்ளே ஒன்றுமில்லாமல் போன மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு புரியும்.

நடப்பது என்ன என்பதைப் பார்த்தால் சொல்லின் பொருத்தம் தெளிவாகும். இந்தக் கார்களின் உடல் துத்தநாகமும் சிறிதளவு அலுமினியமும் சேர்ந்த கலவை. அதில் ஈயம் மாசாகக் கலந்துவிட்டால், அது துத்தநாகத்தோடு கரைந்து ஒன்றாவதில்லை. படிகத் துகள்களுக்கு இடையே உள்ள எல்லைகளில் போய் ஒதுங்கிக்கொள்கிறது. காற்றிலுள்ள ஈரம் அந்த எல்லைகள் வழியாகவே உள்ளே இறங்கி அரிக்கிறது. அரிப்பில் உண்டாகும் பொருளுக்கு உலோகத்தைவிட அதிக இடம் தேவை. அதனால் வார்ப்பு உள்ளிருந்து வீங்கி, நீண்டு, வெடிக்கிறது. உடல் நீள்கிறது, இரும்புத் தகட்டால் ஆன அடிப்பகுதி நீள்வதில்லை. ஆகவே அடித்தகடு வில்போல வளைகிறது. சக்கரங்களும் வார்ப்பு என்றால் பல நேரம் அவைதான் முதலில் பொடிகின்றன. டிங்கி டாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார் வரிசைக்கு அந்தப் பெயர் 1934இல் வந்தது. அன்றிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை வெளிவந்த அந்த வரிசைக் கார்களைச் சேகரிப்பவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பார்கள்.

காரணம் தெரியாமல் போனதும் இல்லை. 1923லேயே இது ஒரு சிக்கல் என்று கண்டுகொண்டார்கள். 1929இல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 99.99 சதவீதம் தூய துத்தநாகத்தை வைத்து ஜமாக் என்ற துத்தநாக வார்ப்புக் கலவைகளை உருவாக்கியது இதைத் தவிர்க்கத்தான். இன்றைய தரக்கட்டுப்பாட்டில் வார்ப்புக் கலவையில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தச் சிறிய அளவைத் தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

இனி மற்றச் சொற்களுக்கு வருகிறேன்.

‘துத்தநாகப் பூச்சி’ நேர் மொழிபெயர்ப்பு. எனக்குள்ள பெரிய பயம் வேறு: ‘துத்தநாகப் பூச்சு’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க மேலே ஏற்றும் காப்பு அது. ஓர் எழுத்து மாறினால் காப்பு கேடாகிவிடும். அச்சுப்பிழைக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்க வேண்டாம்.

‘துத்தநாக நோய்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோய் என்றவுடன் தொற்று நினைவுக்கு வரும். பக்கத்தில் வைத்த காருக்கும் பரவிவிடும் என்று பலர் இப்போதே நம்பிப் பதறுகிறார்கள். அது பரவாது. கேடு அந்தந்த வார்ப்பு ஊற்றப்பட்ட நாளிலேயே உள்ளே இருந்தது. ஒரே அலமாரியில் இரண்டு கார்கள் உதிர்கின்றன என்றால், இரண்டிலும் ஈயம் இருந்தது, இரண்டுக்கும் ஈரம் பட்டது என்றுதான் பொருள்.

‘அரிமானம்’ நல்ல சொல், பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அதனாலேயே அதை இங்கே செலவழிக்கக்கூடாது. வர்ணம் உரித்த வெற்று உலோகத்தில் வெள்ளைப் பொடி பூப்பது அரிமானம். வர்ணம் உரிக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவிட்டு மறந்துபோனால் மேற்பரப்பு கறுத்துக் குழிவிழுவதும் அரிமானம். இரண்டையும் தேய்த்து எடுத்துவிட்டுப் பிரைமர் அடிக்கலாம். உள்ளே நடப்பதற்கும் அதே பெயரை வைத்தால், புதிதாக இறங்குபவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மேற்பரப்பில் நடப்பது அரிமானம், உள்ளிருந்து உதிர்வது உளுப்பு என்று பிரித்துக்கொண்டால் வேலை செய்பவருக்கு அந்த வேறுபாடு சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. ‘சிதைவு’ எல்லாவற்றுக்கும் பொதுவானது, ஒன்றையும் சுட்டாது.

பேச்சில் புழங்கும் ‘சொத்தை’யையும் யோசித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் விழும் குழியைத்தான் அது காட்டுகிறது. வினையாகவும் சுலபமாக மாறாது. உளு என்பதோ முழு வினைச்சொல்: உளுத்த சக்கரம், உளுக்காத உடல், கூரை உளுக்கத் தொடங்கியிருக்கிறது என்று எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்புகிறது. அரி, அரிப்பு போல உளு, உளுப்பு. கலைச்சொல் பெயராக மட்டும் நின்றுவிட்டால் அதை வைத்து யாரும் ஒரு பத்திகூட எழுத முடியாது என்பது என் அனுபவம்.

உளுத்தல் மரத்துக்கும் பயறுக்கும்தானே, உலோகத்துக்கு எப்படி என்று கேட்கலாம். உளுத்துப்போன வாதம், உளுத்துப்போன அமைப்பு என்று நாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். புழு இல்லாத இடத்துக்கு அந்தச் சொல் எப்போதோ நகர்ந்துவிட்டது.

ஒரு துணை நன்மையும் உண்டு. வெள்ளீயம் (டின்) 13.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நெடுநாள் இருந்தால் படிக அமைப்பு மாறி, சாம்பல் நிறப் பொடியாகக்கூடும். அங்கே ஈரமும் இல்லை, அரிப்பும் இல்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரிவது அதே உதிர்வு. அதை ‘வெள்ளீய உளுப்பு’ எனலாம். காரணம் வேறாக இருக்கும்போது ஒரே சொல்லா என்ற கேள்வி நியாயமானதுதான். பார்த்தவுடன் அடையாளம் காண்பதற்கான பெயர் இது. காரணத்தை விளக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் சம்மதம் என்றால் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

துத்தநாக உளுப்பு: ஈயம் முதலிய மாசு கலந்த துத்தநாக வார்ப்பில், ஈரத்தால் படிக எல்லைகள் வழியே உள்ளரிப்பு ஏற்பட்டு, வார்ப்பு வீங்கி, வெடித்து, பொடிந்துபோதல். மீட்க முடியாது, உலர்ந்த, வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் வைத்தால் வேகம் குறையும். எடுத்துக்காட்டு: “கூரை உளுத்திருக்கிறது, தறையாணியைத் துளைக்காதீர்கள், உடல் முழுதாக இருக்கும்போதே சிலிகான் அச்செடுத்து ரெசினில் ஒரு நகல் வார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.”