ஸ்மாய் பற்றி கோஸ்திச் எழுதிய 1902ஆம் ஆண்டு நூல்: விமர்சனமா, பொறாமையா?

மேகலை:
செர்பியக் கவிஞர் யோவான் யோவானோவிச் ஸ்மாயைப் பற்றி இங்கே பெருவழி நேற்று எழுதியதைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஸ்மாய் குழந்தைகளுக்குப் பாட்டுக் கட்டியவர், பத்திரிகைப் பக்கத்தை நிரப்பியவர், மிஞ்சிய நேரத்தில் ஹங்கேரியக் கவிதைகளை மொழிபெயர்த்துத் தன் திறமையைக் கரைத்துக்கொண்டவர் என்றும், இதை அவருடைய நண்பரும் கவிஞருமான லாசா கோஸ்திச்சே 1902இல் நூல் எழுதி நிறுவிவிட்டார் என்றும் சொல்கிறார். அந்த நூல் எதையும் நிறுவவில்லை. 1899இல் ஸ்மாயின் ஐம்பதாண்டு இலக்கியப் பணியை நாடே கொண்டாடியபோது, அதைப் பொறுக்கமாட்டாத ஒரு மனத்திலிருந்து வந்த நூல் அது.

பெருவழி:
அம்மா, கொண்டாட்டத்தின் நடுவே உண்மையைச் சொல்வதற்குப் பெயர் பொறாமை என்றால் உலகில் விமர்சனமே மிஞ்சாது. ஸ்மாய்க்குள் குயிலைப் போலப் பாடும் ஒரு தூய கவிஞரும், அரசியலும் நையாண்டியும் எழுதித் தீர்க்கும் ஒரு பறவைநாகமும் (‘ஸ்மாய்’ என்ற செர்பியச் சொல்லுக்கு அதுதான் பொருள்) இருந்தார்கள், அந்த நாகம் பாடும் பறவையை விழுங்கிவிட்டது என்றுதான் கோஸ்திச் சொன்னார். 1864இல் வந்த ‘ரோஜா மொட்டுகள்’ தொகுப்பையும், ‘ஸ்தார்மாலி’ என்ற நையாண்டி இதழில் 1878 முதல் அவர் எழுதிக் குவித்ததையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

மேகலை:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். நாகம் விழுங்கியது என்கிறீர்களே, 1872இல் அவர் வீட்டில் நடந்தது என்ன என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மனைவி ரூஷா காசநோயில் இறந்தார், குழந்தைகளும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். 1870இல் பெஷ்த் நகரில் மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர், தம் வீட்டிலேயே எவரையும் காப்பாற்ற முடியாமல் நின்றார். ‘வாடிய ரோஜா மொட்டுகள்’ அந்த இழப்பிலிருந்து வந்தது. அவர் நையாண்டி இதழ்களை நடத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் அந்தக் கவிதைகளும் பிறந்தன. அப்படியிருக்க, பறவை எப்போது விழுங்கப்பட்டது? ஆண்டைச் சொல்லுங்கள்.

தென்னவன்:
இருவரும் மொழிபெயர்ப்பை மறந்துவிட்டீர்கள். ஹங்கேரியக் கவிஞர்களான ஆராஞ் எழுதிய ‘தோல்தி’, பெத்தோஃபியின் ‘வீரன் யானோஷ்’, மதாச்சின் ‘மனிதனின் துன்பியல்’ ஆகியவற்றை ஸ்மாய் செர்பிய மொழிக்குக் கொண்டுவந்தார். பெத்தோஃபியே செர்பியர்தான் என்பதால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆழி:
பெத்தோஃபி செர்பியரா? தந்தையின் குடும்பப் பெயர் பெத்ரோவிச் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள். தாய் ஸ்லோவாக்கியர், தந்தையையும் ஸ்லோவாக்கியர் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தெஸ்லாவைப் பற்றிய விவாத இழையிலும் தாங்கள் இப்படித்தான் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினீர்கள், கடைசிவரை ஆதாரம் வரவில்லை.

தென்னவன்:
தெஸ்லா இழையைத் தாங்கள்தான் பாதியில் விட்டுவிட்டுப் போனீர்கள். ‘செஞ்சுரி’ இதழில் 1894இல் ஸ்மாயை அமெரிக்க வாசகர்களுக்கு அறிமுகம் செய்து மின்சாரக் கண்டுபிடிப்பாளர் நிக்கோலா தெஸ்லா எழுதினார், கவிதைகளுக்கு ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் ஆங்கில வடிவம் கொடுத்தார் என்று நான் சொன்னபோது யார் மறுத்தது?

மேகலை:
பெத்தோஃபியின் தந்தை யாராகவும் இருக்கட்டும், அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. 1849 ஜூன் மாதத்தில் பெத்ரோவராதின் கோட்டையிலிருந்த ஹங்கேரியப் படை நோவி சாத் நகரத்தைக் குண்டுவீசி எரித்தது. ஸ்மாய் பிறந்த ஊர் அது, அப்போது அவருக்கு வயது பதினைந்து. அதற்குப் பத்து ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே, 1858இல், அவர் மொழிபெயர்த்த ‘தோல்தி’ வெளிவந்துவிட்டது. தன் ஊரை எரித்தவர்களின் மொழியிலிருந்த கவிதையைத் தன் மக்களின் கையில் கொண்டுவந்து கொடுத்தவரை, திறமையை வீணாக்கியவர் என்று எழுத எப்படி மனம் வந்தது? கிஷ்ஃபலுதி சங்கம் என்ற ஹங்கேரிய இலக்கிய அமைப்பு அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது வெறும் மரியாதைக்காக அல்ல.

பெருவழி:
சங்க உறுப்பினர் பதவி கவிதையாகிவிடாது. கோஸ்திச்சும் மொழிபெயர்த்தார், ஆனால் ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்தார். செர்பிய நாடகத்துக்குள் ஐயாம்பிக் சந்தத்தை (அழுத்தமில்லா அசையும் அழுத்தமுள்ள அசையும் மாறி மாறி வரும் சந்தத்தை)க் கொண்டுவந்தவர் அவர். தாம் மொழிபெயர்த்தவற்றிலிருந்து தமக்கென ஒரு புதிய நடையை எடுத்துக்கொண்டார், ஸ்மாய் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் 1902ஆம் ஆண்டு நூல் பேசுகிறது.

மேகலை:
அந்த நூல் அதைப் பேசவில்லை. அரசியல் செய்யுள் எழுதியதற்காக ஸ்மாயைக் குற்றம் சாட்டுகிறது. அப்படிக் குற்றம் சாட்டியவர் யார்? அரசியலுக்காகச் சிறை சென்றவர், ஹங்கேரிய நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர், மாண்டிநீக்ரோவுக்குப் போய் அரசு செய்தித்தாளின் ஆசிரியராக இருந்தவர். தான் செய்தால் நாட்டுத் தொண்டு, ஸ்மாய் செய்தால் கவிதைக்குச் செய்த கொலையா? இதைப் பொறாமை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஆழி:
கோஸ்திச்சின் தனி வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். தாம் விரும்பிய லெங்கா துன்ஜெர்ஸ்கியைத் தெஸ்லாவுக்கு மணம் பேசி 1895இல் கடிதம் எழுதிய மனிதர் அவர். தமக்கு வேண்டியதைப் பிறருக்குக் கொடுக்கத் துணிந்தவரிடம் பொறாமையைத் தேடுவது பொருந்தாது.

மேகலை:
காதலில் பெருந்தன்மையாக இருந்தவர் புகழிலும் அப்படியே இருந்தார் என்று எந்த நியாயத்தில் முடிவு கட்டுகிறீர்கள்? நான் கேட்பது நூலைப் பற்றி மட்டுமே. முதுமையில் நின்றுகொண்டிருந்த ஒரு கவிஞரின் விழாவை ஒட்டிப் பேசத் தொடங்கி, அதை ஒரு பெரிய நூலாக வளர்த்து, அவர் உயிரோடு இருக்கும்போதே வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1904இல், ஸ்மாய் இறந்தார்.

பெருவழி:
இறப்புக்கும் நூலுக்கும் முடிச்சுப் போடுவது நேர்மையல்ல. கோஸ்திச்சும் தாக்கப்பட்டவர்தான். இலக்கிய விமர்சகர் யோவான் ஸ்கெர்லிச் அவரைக் கடுமையாக ஒதுக்கினார். ஆயினும் மறைந்த லெங்காவை நினைத்து 1909இல் அவர் எழுதிய ‘சாந்தா மரியா தெல்லா சலூதே’ இன்று செர்பிய மொழியின் மிகச் சிறந்த காதல் கவிதைகளில் ஒன்றாக நிற்கிறது. ஸ்மாயிடம் அதற்கு நிகராக ஒன்றைக் காட்டுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

தென்னவன்:
‘நெவென்’ என்ற குழந்தைகள் இதழை 1880இல் தொடங்கியதையே காட்டலாம். அவர் பெயரால் நோவி சாதில் நடக்கும் குழந்தைகள் விழா இன்றும் தொடர்கிறது. கோஸ்திச்சை எந்தக் குழந்தைக்குத் தெரியும்?

பெருவழி:
குழந்தைகளின் வாக்கெடுப்பில் இலக்கியத்தை முடிவு செய்யலாம் என்று தென்னவன் சொல்வதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஆழி:
தென்னவன் இன்னும் பெத்தோஃபியின் தந்தைக்கு ஆதாரம் தரவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேகலை:
பெருவழி, ஒரு கவிதையைக் காட்டச் சொன்னீர்கள், ‘வாடிய ரோஜா மொட்டுகள்’ முழுவதையும் காட்டுகிறேன். லெங்காவின் மறைவுக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து கோஸ்திச் எட்டிய இடத்தை, பிள்ளைகளைப் புதைத்த கையோடு எழுதியவர் அதற்கு வெகுகாலம் முன்பே எட்டிவிட்டார். இனி என் கேள்விக்கு வாருங்கள். நாகம் பறவையை விழுங்கிய ஆண்டு எது? மூன்று முறை பதில் எழுதியும் அந்த ஒன்றை மட்டும் நீங்கள் தொடவே இல்லை.

பெருவழி:
1902ஆம் ஆண்டு நூலை முழுவதும் படித்துவிட்டு வாருங்கள், அதில் பதில் இருக்கிறது.

மேகலை:
பொறாமையில் எழுதிய நூலையே பொறாமை இல்லை என்பதற்குச் சாட்சியாக அழைக்கிறீர்கள். ஆண்டைச் சொல்லுங்கள்.